ஐந்து பைன்ட் ஆர்டர்: வார்டில் ட்ரிப்ஸைப் பாதுகாப்பாக ஏற்றுவது எப்படி?

வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு ட்ரிப்ஸ் எழுதும்போது எந்தத் திரவம், எத்தனை பாட்டில், என்ன வேகம் என்று எப்படி முடிவு செய்வது? ஏற்றும்போது எங்கே தவறு நடக்கிறது? புதிதாகப் பணிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களும் செவிலியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரியவர்களுக்கான மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டுகளை மனத்தில் வைத்து இந்தப் பதிலை எழுதுகிறேன். பச்சிளம் குழந்தைகள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், தீக்காயம் பட்டவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு. அங்கே அந்தந்தப் பிரிவின் நெறிமுறைதான் செல்லும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ட்ரிப்ஸால் வரும் பெரிய கேடுகள் ஊசி குத்தும் இடத்தில் தொடங்குவதில்லை, கேஸ் ஷீட்டில் தொடங்குகின்றன. முந்தின நாள் ஆர்டருக்குக் கீழே 'சி.எஸ்.டி.', அதாவது அதே சிகிச்சையைத் தொடரவும், என்று எழுதி நகர்ந்துவிடுவது மாத்திரைகளுக்கு ஒருவேளை பொருந்தலாம். ட்ரிப்ஸுக்கு ஒருநாளும் பொருந்தாது. நேற்றைய நோயாளியின் உடலில் இருந்த நீரும் உப்பும் இன்று அதே அளவில் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் ஆர்டரைப் புதிதாக எழுத வேண்டும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு காரணமும் ஒரு முடிவு நேரமும் இருக்க வேண்டும்.

எதற்காக ஏற்றுகிறோம்?

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013 டிசம்பரில் பெரியவர்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் அடிப்படை எளிமையானது: திரவம் கொடுக்கக் காரணங்கள் மூன்றுதான். இரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு இரத்தம் போதாதபோது உயிர்காக்கக் கொடுப்பது. வாந்தி, பேதி, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் குழாய்) வழியாகப் போனதை ஈடுசெய்வது. வாயால் எதுவும் எடுக்க முடியாதவருக்கு அன்றாடத் தேவையைக் கொடுப்பது. இவற்றில் எதிலும் சேராத பாட்டில் தேவையில்லாத பாட்டில்.

'உடம்பு அசதியாக இருக்கிறது, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. 500 மி.லி. டி5 (5 சதவீத குளுக்கோஸ்) பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி. இரண்டு இட்லி கொடுக்கும் ஆற்றல் அவ்வளவு இருக்கும். அதற்காக நரம்பில் ஒரு துளை போட்டு, கிருமி நுழைய ஒரு வழியைத் திறந்து வைப்பது நியாயமில்லை. குடிக்க முடிகிறவர் குடிக்கட்டும். பேதியாகிறவருக்கு, அதிர்ச்சி நிலை இல்லாதவரை, ஓ.ஆர்.எஸ். போதும். லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல் கொண்ட அந்தக் கரைசல் குடலிலிருந்து நன்றாகவே உறிஞ்சப்படுகிறது. இதை நோயாளியின் உறவினரிடம் பொறுமையாகச் சொல்வதும் நம் வேலைதான்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மனப்பாடமாக வைத்திருங்கள். நார்மல் சலைன் (என்.எஸ்.) ஒரு லிட்டரில் சோடியம் 154, குளோரைடு 154 மில்லிமோல். உப்பாகச் சொன்னால் 9 கிராம். ரிங்கர் லாக்டேட்டில் (ஆர்.எல்.) சோடியம் 131, பொட்டாசியம் 5, கால்சியம் 2, குளோரைடு 111, லாக்டேட் 29. டி5-இல் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ், உப்பு இல்லை. டிஎன்எஸ் என்பது நார்மல் சலைனின் முழு உப்போடு 50 கிராம் குளுக்கோஸ் சேர்ந்தது. 'பாதி உப்பு, பாதி குளுக்கோஸ்' என்று அதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் பலர்.

ஏற்றிய நீர் எங்கே போய்ச் சேரும் என்பதும் முக்கியம். டி5-இன் குளுக்கோஸை உடல் எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நீர். அது செல்களுக்குள்ளும் பரவிவிடும். ஒரு லிட்டரில் 100 மி.லி. கூட இரத்தக்குழாயில் தங்காது. சலைனும் ஆர்.எல்.லும் ஏறத்தாழ கால் பங்கு தங்கும். இரத்த அழுத்தம் விழுந்தவருக்கு டி5 ஓடவிடுவது பயனற்றது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஐந்து பைன்ட் கணக்கு

சர்ஜிக்கல் வார்டில் அறுவைக்குப் பிறகு பழக்கத்தில் எழுதப்படும் ஆர்டர் ஒன்று உண்டு: இரண்டு பைன்ட் ஆர்.எல்., இரண்டு பைன்ட் டிஎன்எஸ், ஒரு பைன்ட் என்.எஸ். இங்கே பைன்ட் என்றால் 500 மி.லி. பாட்டில். இதை 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள்.

நீர் 2,500 மி.லி. சோடியம்: ஒரு லிட்டர் ஆர்.எல்.லில் 131, ஒரு லிட்டர் டிஎன்எஸ்ஸில் 154, அரை லிட்டர் சலைனில் 77, ஆக 362 மில்லிமோல். பொட்டாசியம் வெறும் 5. இப்போது தேவையைப் பாருங்கள். அன்றாடத் தேவையாக நைஸ் சொல்வது, கிலோவுக்கு 25 முதல் 30 மி.லி. நீர், சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஒவ்வொன்றும் கிலோவுக்குச் சுமார் 1 மில்லிமோல், குளுக்கோஸ் நாளுக்கு 50 முதல் 100 கிராம். அதன்படி இந்தப் பெண்ணுக்கு வேண்டியது 1,250 முதல் 1,500 மி.லி. நீர், 50 சோடியம், 50 பொட்டாசியம். நாம் கொடுத்திருப்பது ஒரு லிட்டர் கூடுதல் நீர், ஏழு மடங்கு சோடியம், பத்தில் ஒரு பங்கு பொட்டாசியம். உப்பாகச் சொன்னால் சுமார் 21 கிராம். நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்கு அறிவுறுத்துகிறது.

அறுவைக்குப் பிந்தைய நாட்களில் சிறுநீரகம் இந்த உப்பை எளிதில் வெளியேற்றாது. உடல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும். மூன்றாம் நாள் கால் வீங்கும். அதைவிடத் தொல்லை, குடலின் சுவரும் வீங்கும். பொட்டாசியமும் குறைந்திருப்பதால் குடல் அசைவு திரும்பத் தாமதமாகும். வயிறு உப்பி, வாயால் எடுக்க முடியாமல், மறுபடியும் ட்ரிப்ஸ். நீடிக்கக் கூடாத சங்கிலி இது.

பதிலாக என்ன எழுதலாம்? ஓரளவு பொருந்தும் ஆர்டர்: ஒரு ஆர்.எல்., ஒரு டிஎன்எஸ், ஒரு டி5, மொத்தம் 1,500 மி.லி. சிறுநீர் ஒழுங்காகப் போவதையும் இரத்தத்தில் பொட்டாசியம் அதிகமில்லை என்பதையும் உறுதி செய்த பின், டிஎன்எஸ்ஸிலும் டி5-இலும் தலா 20 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு. கூட்டினால் சோடியம் 142, பொட்டாசியம் 42, குளுக்கோஸ் 50 கிராம். சோடியம் இன்னும் தேவைக்கு மேல்தானே என்று கேட்கலாம். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன். வலி, குமட்டல், மயக்க மருந்து எல்லாமே நீரைத் தேக்கும் ஏ.டி.எச். ஹார்மோனைத் தூண்டும். அந்த நேரத்தில் உப்பில்லாத நீரை மட்டும் அதிகம் கொடுத்தால் இரத்த சோடியம் சரிந்து மூளை வீங்கும். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். வயதானவர், நோயால் நலிந்தவர், இதயம் அல்லது சிறுநீரகம் பழுதுபட்டவர் என்றால் நீரைக் கிலோவுக்கு 20 முதல் 25 மி.லி.க்குக் குறையுங்கள். பருமனானவருக்கு உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கணக்கிடுங்கள். 70 கிலோ ஆணுக்கும் 40 கிலோ பாட்டிக்கும் ஒரே ஐந்து பைன்ட் எழுதுவதை முதலில் கைவிட வேண்டும்.

இழப்பு இருந்தால் அது இந்தக் கணக்குக்கு மேல் தனியாகச் சேரும். ரைல்ஸ் டியூபில் வந்ததை அளந்து, அதே அளவு நார்மல் சலைன், தேவைப்பட்டால் பொட்டாசியத்தோடு. பேதிக்கு ஆர்.எல். இங்கும் ஊகம் கூடாது, அளவு ஜாடி வேண்டும்.

உயிர்காக்கும் நேரத்தில் கணக்கு வேறு: 500 மி.லி. சலைன் அல்லது ஆர்.எல்., 15 நிமிடத்துக்குள். பிறகு நாடி, இரத்த அழுத்தம், மூச்சு வேகம், கை கால் சூடு, நுரையீரல் ஒலி எல்லாவற்றையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. இதய பலவீனம் உள்ளவருக்கு 250 மி.லி.யாகப் பிரித்துக் கொடுங்கள். 2 லிட்டர் வரை போயும் நிலை மாறவில்லை என்றால் மூன்றாவது லிட்டரைத் தொங்கவிடாமல் மூத்த மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரத்தப்போக்கா, இதயமா, அழுத்தம் ஏற்றும் மருந்து தேவையா என்று யோசிக்க வேண்டிய கட்டம் அது. கொடுக்கலாமா என்ற ஐயம் இருந்தால் கால்களைத் தூக்கிப் பாருங்கள்: நோயாளியைத் தட்டையாகச் சாய்த்து இரு கால்களையும் 45 பாகை உயர்த்தினால் கால்களில் இருந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்பும். ஒரு நிமிடத்தில் நிலை மேம்பட்டால் திரவத்தால் பயன் இருக்க வாய்ப்பு உண்டு.

பொட்டாசியம்

இந்தப் பத்தியை மட்டுமாவது யாரும் தாண்டிப் போக வேண்டாம். நம்மிடம் கிடைக்கும் 10 மி.லி. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலில் 15 சதவீதக் கரைசல் இருக்கிறது. மொத்தம் 20 மில்லிமோல். அதை சிரிஞ்சில் எடுத்து நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கு அது டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் போலவே இருக்கும். ஆகவே இரண்டும் ஒரே டிரேயில் இருக்கவே கூடாது. அடர் பொட்டாசியத்தைப் பொது அலமாரியிலிருந்து விலக்கி, பூட்டி, தனி லேபிளோடு வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே பரிந்துரைத்தது.

வார்டில் புற நரம்பு வழியே லிட்டருக்கு 40 மில்லிமோலுக்கு மேல் அடர்த்தி வேண்டாம். அதாவது 500 மி.லி. பாட்டிலில் ஓர் ஆம்பூல், அவ்வளவுதான். வேகம் மணிக்கு 10 மில்லிமோலைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் தேவையென்றால் இ.சி.ஜி. மானிட்டரும் ஐ.சி.யூ.வும் வேண்டும்.

கலக்கும் முறையிலும் ஒரு மறைந்த ஆபத்து இருக்கிறது. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் கீழ்வழியாகப் பொட்டாசியத்தைச் செலுத்தினால், நீரைவிட அடர்த்தியான அது அடியிலேயே, செட்டின் (சொட்டுக் குழாயின்) வாயருகே, தேங்கி நிற்கும். முதல் சில நிமிடங்களில் நோயாளிக்குப் போவது கிட்டத்தட்ட நீர்க்காத பொட்டாசியம். கிளாம்பை மூடி, பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றி, மருந்தைச் செலுத்தி, குறைந்தது பத்துத் தடவை தலைகீழாகப் புரட்டிக் கலக்கி, 'பொட்டாசியம் 20 மில்லிமோல், நேரம், கையொப்பம்' என்று லேபிள் ஒட்டிய பிறகுதான் தொங்கவிட வேண்டும். பொட்டாசியம் கலந்த பாட்டிலை எந்தக் காரணத்துக்காகவும் வேகமாக ஓடவிடாதீர்கள். அழுத்தம் விழுந்தால் அதை நிறுத்திவிட்டு வேறு பாட்டில் மாற்றுங்கள்.

சொட்டுக் கணக்கு

பம்ப் இல்லாத வார்டில் சொட்டுதான் அளவுகோல். சாதாரண செட் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு, மைக்ரோ செட் 60 சொட்டு. சில செட்கள் 15 சொட்டும் உண்டு. உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மணிக்கு இத்தனை மி.லி. என்பதை 20 சொட்டு செட்டில் மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று வரும்; 15 சொட்டு செட்டில் நான்கால். மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம், மி.லி. எண்ணும் சொட்டு எண்ணும் ஒன்றுதான். 500 மி.லி.யை 8 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 62 மி.லி., சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 21 சொட்டு. மேலே சொன்ன 1,500 மி.லி. ஆர்டரின் வேகமும் இதுவே. மைக்ரோ செட்டுக்கு எழுதிய 60 சொட்டை யாராவது சாதாரண செட்டில் ஓடவிட்டால் மூன்று மடங்கு போய்விடும். ஆகவே ஆர்டரில் 'நிமிடத்துக்கு 20 சொட்டு' என்று மட்டும் எழுதாமல் 'மணிக்கு 60 மி.லி.' என்றும் எழுதுங்கள்.

சொட்டை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் மெதுவான வேகத்தில் பிழை பெரிதாகும். ஒருமுறை வைத்த வேகம் அப்படியே நிற்கவும் நிற்காது. நோயாளி மணிக்கட்டை மடக்கினால் குறையும், நீட்டினால் கூடும். கட்டிலை உயர்த்தினாலும் ஸ்டாண்டைத் தாழ்த்தினாலும் மாறும். ரோலர் கிளாம்பு மெல்ல நழுவும். அரைமணி கழித்து ஒருமுறை, பிறகு மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். ஒரு பிளாஸ்டர் பட்டையைப் பாட்டிலின் நெடுக்கில் ஒட்டி, காலை 8, 10, 12 என்று நீர்மட்டம் இருக்க வேண்டிய இடங்களைக் குறித்துவிட்டால், கடந்து போகும் எவரும் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்கள். செலவே இல்லாத இந்தப் பட்டையை நான் பெரிதும் நம்புகிறேன். பேனாவால் பிளாஸ்டிக் மேலேயே எழுத வேண்டாம். லேபிளில் எழுதி ஒட்டுங்கள்.

பின்தங்கிப் போனால் துரத்திப் பிடிக்கக் கூடாது. இரவில் நின்றுபோன ட்ரிப்ஸை விடியற்காலையில் கண்டு, ஷிப்ட் முடிவதற்குள் முடிக்க 400 மி.லி.யை அரைமணியில் ஓடவிடுவது வார்டுகளில் நடக்கிற விஷயம். வயதானவருக்கு அதுவே நுரையீரலில் நீர் கோக்கப் போதும். மருத்துவரிடம் சொல்லி வேகத்தை மறுபடி கணக்கிடுங்கள். குழந்தைகளுக்கு 500 மி.லி. பாட்டிலை நேராக இணைக்காமல், அளவு அறை உள்ள ப்யூரெட் செட்டில் ஒன்றிரண்டு மணி நேரத் தேவையை மட்டும் நிரப்பி மேல் கிளாம்பை மூடிவிட வேண்டும்; கிளாம்பு நழுவினாலும் அதற்கு மேல் போகாது.

வென்ஃப்ளானும் பாட்டிலும்

வென்ஃப்ளான் என்பது நரம்பில் செருகி வைக்கும் மெல்லிய குழாய். பெரும்பாலான பெரியவர்களுக்கு 20 கேஜ், ரோஸ் நிறம், போதும். இரத்தம் ஏற்றவோ வேகமாகத் திரவம் கொடுக்கவோ 18 கேஜ் பச்சை. மெல்லிய நரம்புள்ள முதியவருக்கு 22 நீலம், குழந்தைக்கு 24 மஞ்சள். பச்சையில் நிமிடத்துக்குச் சுமார் 90 மி.லி. ஓடும், ரோஸில் 60, நீலத்தில் 35. அதிர்ச்சி நிலையில் வந்தவருக்கு நீலத்தைப் போட்டுவிட்டுப் பாட்டிலைப் பிழிவதில் பயனில்லை. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா உள்ள கை, மார்பக அறுவை நடந்த பக்கம், பக்கவாதம் வந்த கை ஆகியவற்றைத் தவிர்த்து, மூட்டு மடியாத இடமாக, முன்கையில் தேடுங்கள். தோலில் ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் தடவி அரை நிமிடம் காயவிட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் கிருமியும் சாகாது, எரிச்சலும் கூடும். போட்ட தேதியையும் நேரத்தையும் ஒட்டுப் பட்டையில் எழுதுங்கள். டோர்னிக்கேவைக் கழற்றிவிட்டோமா என்று கடைசியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சட்டைக் கைக்குள் அது மறைந்துபோவதுண்டு.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் தொங்கவிடாதீர்கள்: கலங்கல், மிதக்கும் துகள், கசிவு, காலாவதித் தேதி, பெயர். எல்லாப் பாட்டிலும் ஒரே வடிவம், எழுத்தின் நிறம் மட்டுமே வேறு. ஆகவே நிறத்தை நம்பாமல் பெயரைப் படிக்க வேண்டும். கிளாம்பை மூடிவிட்டு ஸ்பைக்கைக் குத்தி, சொட்டு அறையைப் பாதி நிரப்பி, குழாயில் காற்றில்லாமல் ஓடவிட்டு, பிறகு இணையுங்கள்.

சொட்டு சரியாக விழவில்லை என்று பாட்டிலின் தலையில் ஓர் ஊசியைக் குத்திக் காற்று விடும் பழக்கம் இங்கே வேரூன்றிக் கிடக்கிறது. வார்டின் காற்று, தூசி, கிருமி எல்லாம் அந்த ஊசி வழியே கரைசலுக்குள் போகிறது. குளுக்கோஸ் கலந்த பாட்டிலில் சில கிருமிகள் சில மணி நேரத்தில் பெருகிவிடும், கலங்கல் கண்ணுக்குத் தெரியாமலே. தானாகச் சுருங்கும் பை வாங்குங்கள். இல்லையென்றால் வடிகட்டியுடன் காற்றுவழி உள்ள செட்டைப் பயன்படுத்துங்கள். ஒரு மருத்துவமனை கொள்முதல் குழு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றங்களில் இதுவும் ஒன்று.

ஊசி மருந்து செலுத்தும் ஒவ்வொரு முறையும் முனையை ஸ்பிரிட் பஞ்சால் 15 நொடி அழுத்தித் தேய்க்க வேண்டும். ஷிப்டுக்கு ஒருமுறையாவது குத்திய இடத்தைப் பாருங்கள். சிவப்பு, வலி, வீக்கம், கயிறு போல் தட்டுப்படும் நரம்பு, இவற்றில் இரண்டு இருந்தாலே எடுத்துவிட்டு வேறு இடம். 'இன்னும் ஓடுகிறதே' என்று விட்டுவைக்கக் கூடாது. திசுவுக்குள் கசிந்தாலும் சிறிது நேரம் ஓடத்தான் செய்யும். பொட்டாசியம், கால்சியம், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கசிந்தால் தோலே அழுகிவிடும்.

எதோடு எது சேராது என்பதில் சில மறக்கக் கூடாதவை. இரத்தம் ஏற்றும் குழாயில் ஆர்.எல்.லும் டி5-உம் கூடாது: ஆர்.எல்.லின் கால்சியம் இரத்தத்தை உறையவைக்கும், டி5 சிவப்பணுக்களை உடைக்கும்; சலைன் மட்டுமே சேரும். செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்கும் ஆர்.எல்.லும் ஒரே குழாயில் சேர்ந்தால் கால்சியத்தோடு படிகமாகும். பச்சிளம் குழந்தைகளில் இது உயிரையே எடுத்திருக்கிறது. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் சலைனில் மட்டும், டெக்ஸ்ட்ரோஸில் திரிந்துவிடும். பூஞ்சைக்கான ஆம்ஃபோடெரிசின் அதற்கு நேர்மாறு, டெக்ஸ்ட்ரோஸில் மட்டும். குடிப்பழக்கம் உள்ளவருக்கும் பல நாள் பட்டினி கிடந்தவருக்கும் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடுங்கள். இல்லையென்றால் மிச்சமிருக்கும் பி1 சத்தும் தீர்ந்து மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

எதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்?

இன்டேக்-அவுட்புட் சார்ட் பாதி வார்டுகளில் ஊகத்தால் நிரப்பப்படுகிறது. அதைவிட நம்பகமானது எடை. தினமும் காலையில் ஒரே தராசில், ஒரே மாதிரி உடையில். ஒரு நாளில் ஒரு கிலோ கூடியது என்றால் அது சதையல்ல, ஒரு லிட்டர் நீர். சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி.யாவது வர வேண்டும். ஆனால் அறுவை முடிந்த முதல் நாளில் மற்ற எல்லாம் நன்றாயிருந்து சிறுநீர் மட்டும் சற்றுக் குறைவு என்றால், உடனே பாட்டிலைக் கூட்டாதீர்கள், அது ஏ.டி.எச். செய்யும் வேலையாக இருக்கலாம். ட்ரிப்ஸ் மட்டுமே நம்பியிருப்பவருக்குச் சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியேட்டினின் தினமும் தேவை. இரத்தத்தை ட்ரிப்ஸ் ஓடும் கையில் எடுக்காதீர்கள். டிஎன்எஸ் ஓடும் கையில் எடுத்த மாதிரி, சர்க்கரை 600 என்றும் பொட்டாசியம் 2 என்றும் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் விளைவு பயங்கரம்.

டெங்குவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் மழைக்காலம் தோறும் வார்டுகள் நிறைவது அதனால்தான். காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம். எச்சரிக்கை அறிகுறிகள் உள்ளவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் சொல்வது: சலைன் அல்லது ஆர்.எல்., கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மி.லி. என ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு 3 முதல் 5. பிறகு 2 முதல் 3. ஒவ்வொரு படியிலும் ஹெமடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்க வேண்டும். தட்டணு எண்ணிக்கையை வைத்துத் திரவத்தைக் கூட்டுவது பொருளற்றது. கசிவு நின்றதும் வெளியே போன நீர் தானாகவே இரத்தக்குழாய்க்குத் திரும்பி வரும். நோயாளி பசிக்கிறது என்கிறார், சிறுநீர் தாராளமாகப் போகிறது, ஹெமடோகிரிட் இறங்குகிறது. அந்த நேரத்தில் பழைய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தால், பிழைத்து எழுந்தவர் மூச்சுத்திணறலில் விழுவார். நிலை மோசமாகிக்கொண்டே ஹெமடோகிரிட் இறங்கினால் அது வேறு செய்தி: உள்ளே இரத்தம் போகிறது. ஸ்க்ரப் டைஃபஸிலும் குழாய்கள் கசியும், நுரையீரல் எளிதில் நிரம்பும். அங்கும் கை அடக்கம் தேவை.

திரவம் தாராளமாகக் கொடுத்தால் நன்மைதான் என்ற நம்பிக்கையை உலுக்கிய ஆய்வு 2011-இல் வந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவும் உள்ள 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஃபீஸ்ட் ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல், ஏற்றப்படாதவர்களில் ஏழு. ஐ.சி.யூ. வசதி இல்லாத மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு அது. அத்தகைய இடங்கள் நம்மிடமும் இருக்கின்றன.

தவறு நடந்துவிட்டால்

நீர் மிகுந்துபோனதன் முதல் அறிகுறி பெரும்பாலும் மூச்சு வேகம். நிமிடத்துக்கு 18 ஆக இருந்தது 26 ஆகும். படுக்க முடியவில்லை, உட்கார வையுங்கள் என்பார். வறட்டு இருமல் வரும். ஆக்சிஜன் அளவு குறைவதும் முதுகின் அடியில் கரகர ஒலி கேட்பதும் அடுத்து. உடனே கிளாம்பை மூடுங்கள், வென்ஃப்ளானை எடுக்காதீர்கள், மருந்துக்கு அது வேண்டும். நேராக உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவரை அழையுங்கள். சிறுநீரைக் கூட்டி நீரை வெளியேற்றும் ஃப்ரூஸமைடு 40 மி.கி. ஊசியைத் தயாராக வைத்திருங்கள்.

ட்ரிப்ஸ் ஓடும் நோயாளிக்குப் புதிதாகத் தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு வந்தால் சோடியத்தைப் பாருங்கள். வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ இருந்தால் 3 சதவீத சலைன் 100 முதல் 150 மி.லி., 10 முதல் 20 நிமிடத்தில், மூத்த மருத்துவர் முன்னிலையில். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் சோடியத்தின் மொத்த உயர்வு லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தாண்டக் கூடாது. வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டு நரம்புகளின் உறை சிதைந்து, கை கால் விழுந்துபோகும்.

பாட்டில் மாற்றிய அரைமணிக்குள் குளிர் நடுக்கம் வந்தால் ஒவ்வாமைக்குப் போடும் அவில், டெக்சா ஊசிகளைப் போட்டுவிட்டு அதே பாட்டிலைத் தொடராதீர்கள். பாட்டில், செட், வென்ஃப்ளான் மூன்றையும் மாற்றி, இரத்தக் கல்ச்சர் எடுத்து, பழைய பாட்டிலைத் தூக்கியெறியாமல் தொகுதி எண்ணோடு பத்திரப்படுத்துங்கள். அதே தொகுதியில் மற்ற நோயாளிகளுக்கு ஓடுவதையும் நிறுத்தி, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் புகார் படிவம் அனுப்புங்கள்.

நிறுத்துவதற்கும் ஆர்டர் எழுத வேண்டும். அரை லிட்டர் கஞ்சியோ மோரோ வாந்தியில்லாமல் தங்கினால் அன்றாடத் தேவைக்கான ட்ரிப்ஸைப் பாதியாக்கலாம். உணவு ஏறத் தொடங்கிவிட்டால் நிறுத்திவிடலாம். ஊசி மருந்துக்காக மட்டும் வென்ஃப்ளான் வேண்டுமென்றால் 5 மி.லி. சலைன் செலுத்தி மூடிவையுங்கள். குழாயைத் திறந்து வைக்கவென்று ஒரு பாட்டிலைத் தொங்கவிட வேண்டாம். ஊசி மருந்தும் மாத்திரைக்கு மாறிவிட்டால் அன்றே வென்ஃப்ளானை எடுத்து, பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்து, அதன் நுனி முழுதாக வந்திருக்கிறதா என்று பார்த்து, நேரத்தைக் கேஸ் ஷீட்டில் குறியுங்கள். எடுத்த இடத்தை அடுத்த இரண்டு நாளும் பார்க்க வேண்டும், வீக்கம் சில நேரம் பிறகுதான் தெரியவரும்.